எக்ஸெல் மேக்ரோ: டிக் எடுத்தாலும் பூலியன் ட்ரூவாகவே நிற்கிறது

லோடு_கணக்கு | செவ்வாய், காலை 10.20

வணக்கம். நான் புரோகிராமர் இல்லை, ஒரு சின்ன ஃபவுண்டரியில் டிஸ்பாட்ச் பார்ப்பவன். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன எக்ஸெல் ஷீட்டில்தான் பில் போடுகிறோம். அதில் ‘பெய்டு’ என்று ஒரு செக்பாக்ஸ். டிக் இருந்தால் லாரி வாடகையை நாங்கள் கட்டிவிட்டு பில்லில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டிக் இல்லாவிட்டால் ஏற்றக் கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

போன வாரம் ஒரு பார்ட்டி கூப்பிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் கவனித்தேன். டிக் போட்டாலும் சரி, எடுத்தாலும் சரி, வாடகை ஏறிவிடுகிறது. ஷீட்டுக்குள் தானாக ஓடுகிற சின்ன புரோகிராமான மேக்ரோவில் இருப்பது இதுதான் (போனிலிருந்து எழுதுகிறேன், புரோகிராம் கோடையும் தமிழிலேயே தட்டிவிட்டேன், மன்னிக்கவும்):

டிம் பெய்டு ஆஸ் பூலியன்
பெய்டு = ஆக்டிவ்ஷீட்.செக்பாக்ஸஸ்("செக் பாக்ஸ் 3").வேல்யூ
இஃப் பெய்டு தென் மொத்தம் = மொத்தம் + ரேஞ்ச்("எச்14").வேல்யூ

பூலியன் என்றால் ட்ரூ (ஆம்), ஃபால்ஸ் (இல்லை) இரண்டில் ஒன்றாக மட்டும் இருக்கிற மதிப்பாம். எர்ரர் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

அரைகுறை | செவ்வாய், காலை 10.41

பெய்டு என்கிற வேரியபிளே (மதிப்பைப் போட்டு வைக்கிற பெயர்) வேண்டாம் அண்ணா. நேராக இஃப் ஆக்டிவ்ஷீட்.செக்பாக்ஸஸ்("செக் பாக்ஸ் 3").வேல்யூ = ட்ரூ தென் என்று போடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

லோடு_கணக்கு | செவ்வாய், காலை 11.15

போட்டேன் தம்பி. இதுவரை எல்லா பில்லிலும் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது எந்த பில்லிலும் ஏறவில்லை. டிக் போட்டாலும் ஏறவில்லை.

சரி, தலைகீழாக ஏதோ இருக்கிறது போல என்று நினைத்து, இஃப் நாட் (‘இல்லாவிட்டால்’) போட்டு, = ட்ரூவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி எல்லாவற்றிலும் ஏறுகிறது. கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார்.

மேக்ரோ_மாமி | செவ்வாய், காலை 11.32

பேயெல்லாம் இல்லை. மூன்று தடவையும் அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

யூகம் பண்ணாமல் அது என்ன மதிப்பைத் தருகிறது என்று முதலில் கண்ணால் பார்த்துவிடலாம். ஆல்ட் எஃப்11 அழுத்துங்கள், கோடு ஜன்னல் வரும். அதில் கண்ட்ரோல் ஜி அழுத்தினால் கீழே இம்மீடியட் என்று ஒரு வெற்றுப் பெட்டி திறக்கும். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்திலேயே ஆக்டிவ்ஷீட்.செக்பாக்ஸஸ்("செக் பாக்ஸ் 3").வேல்யூ என்று அடித்து என்டர் தட்டுங்கள். டிக் போட்டு ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை. என்ன வருகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

லோடு_கணக்கு | செவ்வாய், காலை 11.50

டிக் போட்டால் 1. எடுத்தால் -4146.

மைனஸ் நாலாயிரத்து நூற்று நாற்பத்தாறா? இது என்ன மேடம், லாரி நம்பர் மாதிரி இருக்கிறது?

மேக்ரோ_மாமி | செவ்வாய், மதியம் 12.25

வந்துவிட்டது பாருங்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எக்ஸெல்லில் பத்து வருடம் மேக்ரோ எழுதியவர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நானும்தான்.

எக்ஸெல் ஷீட்டில் வைக்கிற பழைய செக்பாக்ஸில் இரண்டு ஜாதி உண்டு. டெவலப்பர் டேபில் இன்செர்ட்டைத் திறந்தால் மேலே ஃபார்ம் கண்ட்ரோல்ஸ், கீழே ஆக்டிவ்எக்ஸ் கண்ட்ரோல்ஸ். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆக்டிவ்எக்ஸ் பெட்டியின் வேல்யூ நிஜமாகவே ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஃபார்ம் கண்ட்ரோல் பெட்டி தருவது பூலியனே இல்லை, ஒரு எண். டிக் இருந்தால் 1, அதற்கு எக்ஸ்எல்ஆன் என்று பெயர். டிக் இல்லாவிட்டால் -4146, அது எக்ஸ்எல்ஆஃப். சாம்பல் நிறத்தில் அரைகுறையாக நின்றால் 2, எக்ஸ்எல்மிக்ஸ்டு. (நம் அரைகுறை தம்பியைச் சொல்லவில்லை.)

அந்த -4146-ஐப் பார்த்து மிரள வேண்டாம். எக்ஸெல் தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் மாறிலிகள் (பெயர் வைத்த, மாறாத எண்கள்) பலவும் அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன. எக்ஸ்எல்நன் -4142, எக்ஸ்எல்சென்டர் -4108. எண்ணுக்கென்று தனி அர்த்தம் தேட வேண்டியதில்லை.

இனி உங்கள் மூன்று கூத்தையும் பார்ப்போம்.

முதலாவது, எண்ணை பூலியன் வேரியபிளில் போட்டது. விபிஏ-வுக்கு (மேக்ரோ எழுதுகிற மொழி) 0 மட்டும்தான் ஃபால்ஸ். 0 அல்லாத எதுவாக இருந்தாலும் ட்ரூ. -4146 பூஜ்யம் இல்லையே! அதனால் டிக் எடுத்தாலும் ட்ரூ. இரண்டாவது, = ட்ரூ என்று ஒப்பிட்டது. விபிஏ-வில் ட்ரூவின் எண் மதிப்பு -1. 1-ம் -1-ம் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அதனால் டிக் போட்டாலும் ஏறவில்லை. மூன்றாவது, நாட். எண்ணுக்கு முன்னால் நாட் போட்டால் அது பிட் பிட்டாகத் திருப்பும், அதாவது எண்ணுக்குள் இருக்கிற 0-ஐ எல்லாம் 1 ஆக்கும், 1-ஐ எல்லாம் 0 ஆக்கும். நாட் 1 என்றால் -2. நாட் -4146 என்றால் 4145. இரண்டும் பூஜ்யம் இல்லை, ஆகவே இரண்டுமே ட்ரூ.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி:

பெய்டு = (ஆக்டிவ்ஷீட்.செக்பாக்ஸஸ்("செக் பாக்ஸ் 3").வேல்யூ = எக்ஸ்எல்ஆன்)

அடைப்புக்குறிக்குள் இருப்பது கேள்வி: இது டிக்குக்கு உரிய எண்தானா? அதன் பதில் ட்ரூ அல்லது ஃபால்ஸ், அதுதான் வேரியபிளுக்குள் போகிறது. பெட்டி தருவதை அப்படியே ஊற்றாமல், ஒப்பிட்டுவிட்டு ஊற்றுகிறோம். சாம்பல் நிறம் வந்தாலும் அது ஃபால்ஸ் ஆகிவிடும்.

லோடு_கணக்கு | செவ்வாய், மதியம் 12.58

மேடம், வேலை செய்கிறது! டிக் போட்டால் ஏறுகிறது, எடுத்தால் ஏறவில்லை. பத்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். சாப்பிடப் போகிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. இந்த ஷீட் மூன்று வருடமாக ஓடுகிறது. இத்தனை நாள் ஏன் தப்பாகவில்லை?

மேக்ரோ_மாமி | செவ்வாய், மதியம் 1.10

அந்தப் பெட்டியை நடுவில் யாராவது மாற்றினார்களா? முன்பு ஆக்டிவ்எக்ஸ் பெட்டியாக இருந்திருந்தால் சரியாகவே ஓடியிருக்கும்.

லோடு_கணக்கு | செவ்வாய், பிற்பகல் 2.35

விசாரித்தேன். ஓனர் மகன் ஆப்பிள் மேக் வாங்கினார். அதில் பழைய பெட்டி வேலை செய்யவில்லை என்று இரண்டு மாதம் முன்பு அவரே புதிதாக ஒன்று வரைந்து, மேக்ரோவிலும் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நானும் இதை இனிமேல் அவரிடம் சொல்லப்போவதில்லை.

மேக்ரோ_மாமி | செவ்வாய், பிற்பகல் 2.41

அதேதான். மேக்கில் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது. ஃபார்ம் கண்ட்ரோலுக்கு மாற்றியது சரி, பூலியனுக்குள் நேரே போடுகிற முறையை அப்படியே விட்டதுதான் கோளாறு.

ஃபாக்ஸ்ப்ரோ_பெருசு | செவ்வாய், மாலை 6.05

ட்ரூ ஏன் -1 என்று யாரும் கேட்கவில்லையே, ரிட்டயர் ஆன மனிதன் சொல்லிவிட்டுப் போகிறேன். விபி-யில் (விஷுவல் பேசிக், விபிஏ-வின் தாய் மொழி) பூலியன் 16 பிட். ஃபால்ஸ் என்றால் பதினாறும் 0. அதை நாட் போட்டுத் திருப்பினால் பதினாறும் 1. குறியோடு சேர்த்து அந்தப் பதினாறு ஒன்றுகளைப் படித்தால் -1 வரும். அண்ட், ஆர், நாட் மூன்றையும் பிட் கணக்குக்கும் தர்க்கத்துக்கும் ஒரே கருவியாக வைத்துக்கொண்டதால் வந்த ஏற்பாடு இது. நாட் ஃபால்ஸ் என்றால் ட்ரூ வர வேண்டும் இல்லையா, அதற்கு -1 தோதாக அமைந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே எக்ஸெல்லின் செல்லில் =ட்ரூ+0 என்று அடித்தால் 1 வரும். மேக்ரோவில் அதையே செய்தால் -1. ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்குப்பிள்ளை. ஆக்சஸ் டேட்டாபேஸில் எஸ்/நோ ஃபீல்டும் -1, 0 என்றுதான் சேமிக்கும். அதைப் போய் = 1 என்று வடிகட்டிவிட்டு ‘ரெக்கார்டே இல்லை’ என்று உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விபி 6-லும் இதே கதைதான். செக்பாக்ஸ் வேல்யூ 0, 1, 2. = ட்ரூ என்று கேட்டால் ஒருநாளும் ஆம் என்று பதில் வராது.

எங்கள் ஃபாக்ஸ்ப்ரோவில் (பழைய டேட்டாபேஸ் மொழி) பூலியன் என்ற பேச்சே கிடையாது, லாஜிகல் என்போம். டி, எஃப் எழுத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளி வைத்து எழுதுவோம். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ செக்பாக்ஸில் ஒரு அழகு உண்டு: வேல்யூவுக்கு ஆரம்பத்தில் 0 கொடுத்திருந்தால் எண்ணாகவே திருப்பித் தரும், .எஃப். கொடுத்திருந்தால் லாஜிகலாகவே தரும். நாம் எந்தப் பாத்திரத்தை நீட்டுகிறோமோ அதில் ஊற்றும். இந்த மரியாதை இப்போது எங்கே இருக்கிறது.

அரைகுறை | செவ்வாய், மாலை 6.30

பெருசு, 16 பிட் கதை இன்றுதான் தெரிந்தது. காலையில் தப்பாகச் சொன்னதற்கு லோடு அண்ணா மன்னிக்கவும். நான் இதுவரை ஆக்டிவ்எக்ஸ் பெட்டி மட்டும்தான் வைத்திருக்கிறேன் போல, அதனால் = ட்ரூ எனக்கு எப்போதும் வேலை செய்தது.

மேக்ரோ_மாமி | செவ்வாய், இரவு 7.15

ஆக்டிவ்எக்ஸிலும் நிம்மதியாக இருந்துவிடாதே. ட்ரிப்பிள்ஸ்டேட்டை (சாம்பலையும் சேர்த்து மூன்று நிலை) ட்ரூ என்று வைத்தால் சாம்பல் நிலையில் வேல்யூ நல் (மதிப்பே இல்லை) ஆகிவிடும். நல்லை பூலியனில் போட்டால் எர்ரர் 94, ‘இன்வேலிட் யூஸ் ஆஃப் நல்’. அதாவது கத்திவிட்டு நிற்கும். -4146 மாதிரி சத்தமில்லாமல் வாடகை ஏற்றாது. இரண்டில் எர்ரர் கொடுக்கிறதே மேல் என்பேன்.

லோடு_கணக்கு | புதன், காலை 9.40

இன்னொரு தொல்லை. ஒரே ஷீட்டில் பன்னிரண்டு டிஸ்பாட்ச் வரி இருக்கிறது. சரியான பெட்டியைக் காப்பி பண்ணி பன்னிரண்டு வரியிலும் ஒட்டினேன். ஒன்றில் டிக் போட்டால் பன்னிரண்டிலும் டிக் விழுகிறது. எல்லோரும் சேர்ந்து கை தூக்குகிற மாதிரி.

மேக்ரோ_மாமி | புதன், காலை 10.02

மூலப் பெட்டியில் செல் லிங்க் (டிக்கின் நிலையை ஒரு செல்லில் எழுதுகிற இணைப்பு) கொடுத்திருப்பீர்கள். ரைட் கிளிக், ஃபார்மட் கண்ட்ரோல், கண்ட்ரோல் டேப் போய்ப் பாருங்கள். எச்2 என்று இருந்தால் காப்பி எடுத்த பதினொன்றும் அதே எச்2-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபார்முலா மாதிரி வரிக்கு வரி நகராது. ஒவ்வொன்றாகத் திறந்து அந்தந்த வரியின் செல்லை மாற்ற வேண்டும்.

ஆனால் அந்த வேலையைப் பண்ணிவிட்டால் ஒரு லாபம் உண்டு. லிங்க் செய்த செல்லில் விழுவது ட்ரூ, ஃபால்ஸ்தான், எண் அல்ல. மேக்ரோவில் பெட்டியைத் தேடிப் போகாமல் அந்தச் செல்லையே படித்துவிடலாம். சாம்பல் நிலையில் மட்டும் செல்லில் என்ஏ எர்ரர் விழும், அதைப் பூலியனில் போட்டால் டைப் மிஸ்மேட்ச் என்று நிற்கும்.

ஆபீசில் மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். 2024-ல் இன்செர்ட் டேபிலேயே செக்பாக்ஸ் கொடுத்துவிட்டார்கள். அது செல்லுக்கு மேலே மிதக்கிற படம் இல்லை, செல்லே செக்பாக்ஸ். மதிப்பு ட்ரூ அல்லது ஃபால்ஸ். இழுத்து நிரப்பலாம், ஸ்பேஸ் தட்டினால் மாறும்.

லோடு_கணக்கு | புதன், காலை 10.10

எங்களிடம் 2016. ஓனரிடம் 365 கேட்டால் லீவு நாளும் சேர்த்தா என்பார்.

வெப்_வாணி | புதன், மாலை 5.20

நீங்கள் எல்லாம் பாக்கியசாலிகள், பெட்டி ஏதாவது ஒரு எண்ணாவது தருகிறது. எங்கள் வெப் பக்கத்தில் டிக் இல்லாத பெட்டி எதையும் அனுப்பவே அனுப்பாது. ஃபார்ம் சப்மிட் ஆனால் டிக் போட்ட பெட்டியின் பெயர் மட்டும் சர்வருக்குப் போகும். போடாத பெட்டி அந்த ஃபார்மில் இருந்ததற்கே அடையாளம் இருக்காது. டிக் போட்டதற்கும் வேல்யூ கொடுக்காமல் விட்டால் ‘ஆன்’ என்ற சொல்தான் போகும். சர்வரில் ஓடுகிற பிஎச்பியில் இஸ்செட் போட்டு, வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதே வழக்கம்.

பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னொரு பள்ளம். புதிதாக வருகிற பிள்ளைகள் .வேல்யூ என்று எடுப்பார்கள். வேல்யூ கொடுக்காத பெட்டியில் அது டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘ஆன்’தான். .செக்டு என்று எடுத்தால்தான் ட்ரூ, ஃபால்ஸ் வரும்.

நான் ஒரு முழு ராத்திரியைத் தொலைத்தது லோக்கல்ஸ்டோரேஜில், அதாவது பிரவுசர் தனக்குள்ளே சேமித்துவைக்கிற இடத்தில். டார்க் மோடு வேண்டுமா என்று ஒரு பெட்டி. டிக் எடுத்தால் ஃபால்ஸைச் சேமித்தேன். மறுநாள் பக்கத்தைத் திறந்தால் மறுபடி இருட்டு. லோக்கல்ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். நான் கொடுத்த ஃபால்ஸ் அங்கே போய் ஐந்து எழுத்துள்ள ஒரு சொல் ஆகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு, வெறுமையாக இல்லாத எந்தச் சொல்லும் ட்ரூ. ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லும் ட்ரூ! பைத்தானில் பூல்("ஃபால்ஸ்") போட்டாலும் இதே கதி. எச்டிஎம்எல்-லில் செக்டு="ஃபால்ஸ்" என்று எழுதினாலும் பெட்டி டிக்கோடுதான் வரும், ஏனென்றால் அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது.

மாமி சொன்ன மருந்துதான் இங்கேயும். சேமித்ததைத் திருப்பி எடுக்கும்போது === "ட்ரூ" என்று ஒப்பிட்டு வாங்குகிறேன்.

களப்பணி | புதன், இரவு 9.05

கோடு எல்லாம் சரிதான். ஆனால் எல்லோரும் டிக் இல்லை என்றால் ஃபால்ஸ் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில் டேட்டா பார்த்தேன். டேப்லெட்டில் ‘சர்க்கரை நோய்’ என்று ஒரு செக்பாக்ஸ். இருந்தால் டிக். களத்தில் போகிற பெண்கள் வெயிலில் ஒரு நாளைக்கு நாற்பது வீடு ஏறி இறங்குகிறார்கள். சில வீட்டில் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கி டிக் போடாமல் விடுவார்கள். சில வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார், ‘பையன் வந்தால்தான் தெரியும்’ என்பார், அங்கும் டிக் இருக்காது. சில வீட்டில் கேட்கவே மறந்திருப்பார்கள். மூன்றும் டேட்டாபேஸில் ஒரே ஃபால்ஸ். மாதக் கடைசியில் ஒரு தெரு முழுக்க ஒருவருக்குமே சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இன்சுலின் போடுகிறார்கள்.

கோடில் ஒரு தப்பும் இல்லை. ஒப்பீடு சரி, பூலியன் சரி. கேள்விக்கு செக்பாக்ஸ் வைத்ததுதான் தப்பு. பிறகு உண்டு, இல்லை, தெரியவில்லை என்று மூன்று ரேடியோ பட்டன் வைத்து, ஒன்றையும் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்தோம்.

வெப்_வாணி | புதன், இரவு 9.30

இதற்குத்தானே நல்லபிள் பூலியன் (நல்லையும் தாங்குகிற பூலியன்) இருக்கிறது? டபிள்யூபிஎஃப்-இல் (விண்டோஸ் ஆப் எழுதுகிற கருவித்தொகுப்பு) செக்பாக்ஸின் இஸ்செக்டு என்பதே ட்ரூ, ஃபால்ஸ், நல் மூன்றையும் தாங்கும். நேராகச் சாதாரண பூலியனில் போட்டால் கம்பைலரே விடாது. சாம்பல் நிலையை ‘தெரியவில்லை’ என்று வைத்துக்கொள்ளலாமே.

களப்பணி | புதன், இரவு 9.52

வாணி, புரோகிராமருக்குத் தெரியும் சாம்பல் என்றால் நல் என்று. டேப்லெட் பிடித்திருக்கிற அக்காவுக்கு அது ஸ்கிரீனில் விழுந்த அழுக்கு. துடைத்துப் பார்த்தார் ஒருவர், சத்தியமாகச் சொல்கிறேன்.

ஃபாக்ஸ்ப்ரோ_பெருசு | வியாழன், காலை 7.10

களப்பணி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். எல்லாக் கேள்விக்கும் மூன்று பட்டன் வைத்தால் ஒருவரும் ஃபார்மை முடிக்க மாட்டார்கள். ‘ரசீதை ஈமெயிலில் அனுப்பு’ என்பதற்குத் தெரியவில்லை என்ற பதில் எதற்கு? டிக் இல்லாவிட்டால் அனுப்பாதே, தீர்ந்தது. நிரப்புகிறவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்கிற இடத்தில் செக்பாக்ஸ் போதும். இன்னொருவரிடம் கேட்டு எழுத வேண்டிய இடத்தில்தான் உங்கள் வாதம் செல்லும்.

களப்பணி | வியாழன், காலை 8.20

அதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

லோடு_கணக்கு | வியாழன், மாலை 4.45

நேற்று ராத்திரி களப்பணி எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் போய் ஓனரிடம் கேட்டேன்: ‘பெய்டு டிக் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் சார்?’

‘டூ-பே. சரக்கு வாங்குகிறவர் லாரி ஆபீசில் வாடகையைக் கட்டி எடுத்துக்கொள்வார், இதுகூடவா தெரியாது’ என்றார். சரி, பார்ட்டியே சொந்த வண்டி அனுப்பி எடுத்துப்போனால்? ‘அதுக்கும் டிக் கிடையாது.’ டிக் போட மறந்திருந்தால்? கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அதைத்தான் நீ பார்க்கணும்’ என்றார்.

இரண்டு மாதத்து பில்லையும் அதற்கு முந்தைய பில்லையும் எடுத்து லாரி ரசீதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். வாடகை தப்பாக ஏறியது ஏழு பில், அது -4146 செய்த வேலை. கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்கும் முன்னால், பழைய பெட்டி ஒழுங்காக ஓடிய காலத்திலேயே, பெய்டு லோடுக்கு டிக் போட மறந்து வாடகை வாங்காமல் விட்டது மூன்று பில். அதை இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது.

பன்னிரண்டு பெட்டியையும் அழித்துவிட்டேன். அந்தப் பத்தியில் டேட்டா வேலிடேஷன் லிஸ்ட் (செல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற பட்டியல்) வைத்தாயிற்று: பெய்டு, டூ-பே, சொந்த வண்டி. காலியாக இருந்தால் பில் பிரிண்ட் ஆகாது. மேக்ரோவில் இப்போது இந்த வரி:

பெய்டு = (ரேஞ்ச்("எச்2").வேல்யூ = "பெய்டு")

மாமி சொல்லிக்கொடுத்த அதே அடைப்புக்குறி.

மேக்ரோ_மாமி | வியாழன், மாலை 5.02

அருமை. ஒன்று மட்டும்: யாராவது லிஸ்ட்டில் எடுக்காமல் வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால் வேலிடேஷன் தடுக்காது. ‘பெய்டு’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஃபால்ஸ் ஆகிவிடும். ட்ரிம் போட்டு, ஓரத்து ஸ்பேஸை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மூன்றில் எதுவும் இல்லாவிட்டாலும் பிரிண்டை நிறுத்துங்கள்.

லோடு_கணக்கு | வியாழன், மாலை 6.20

செய்துவிட்டேன் மேடம். ஓனர் மகன் வந்து ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ‘நான் வரைந்த டிக் எங்கே?’ என்று கேட்டார். 2016-ல் அது வராது சார் என்று சொல்லிவிட்டேன்.